அம்மன் தலைக்கு மேலே போன வயர்

ஹெலனுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. சாம்பார் அடிப்பிடிக்கும் வாசனை வரும்போது அவள் புருஷன் பீட்டர், "ஹெலனு, இப்ப எந்த ஊர்ல கீற?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பான். அவள் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைப்பாள். அந்த வீட்டில் இதற்காகச் சண்டை வந்ததே இல்லை.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை. ஆரம்பாக்கத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். வாசலைத் தாண்டியதும் ஆளுக்கொரு உலகம். பீட்டர் உலை மேடையில் ஏறுவான். அங்கே இரும்பு, சூரியனைக் கரைத்து ஊற்றியது போல் கொதித்துக்கொண்டிருக்கும். ஹெலன் கம்ப்யூட்டர்கள் இருக்கும் சர்வர் அறைக்குள் போய் ஸ்வெட்டரை எடுத்து மாட்டுவாள். ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தர் வெந்து சம்பாதிக்கிறார், ஒருத்தர் விறைத்துச் சம்பாதிக்கிறார். நினைத்தால் சில நாள் அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள் நெஞ்சு கனக்கும்.

அந்தக் குளிர் அறைக்குத்தான் இப்போது முடிவு வந்துவிட்டது. இனி தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களை வைத்துக் காவல் காக்க வேண்டாம், எல்லாம் க்ளவுடுக்குப் போகட்டும் என்று பூனாவில் இருக்கும் தலைமை ஆபீஸ் சொல்லிவிட்டது. எங்கோ தூரத்தில், வேறு யாரோ கட்டிய பெரிய கட்டிடத்தில், கண்ணால் பார்க்கவே போகாத கம்ப்யூட்டர்கள் இந்தத் தொழிற்சாலையின் கணக்கையும் நினைவையும் வைத்துக்கொள்ளும். இங்கிருந்து அங்கே போக ஒரு பாதை வேண்டும். எந்தப் பாதை என்று தேர்ந்தெடுக்கும் வேலையை மேலாளர் சந்திரமோகன் ஹெலனிடம் கொடுத்தார்.

"உன் கையிலதான் இருக்கு ஹெலன். யோசிச்சு சொல்லு. ஆனா ரொம்ப யோசிக்காத" என்றார். அவள் யோசிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பாள் என்று அவருக்கும் தெரியும்.

வழிகள் இருந்தன. எல்லோரும் போகிற இன்டர்நெட்டிலேயே, பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்புவது ஒன்று. டவுன் பஸ்ஸில் பெட்டியைக் கொடுத்துவிடுவது போல. பெட்டியை யாரும் திறக்க முடியாது, ஆனால் பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று கேட்கக் கூடாது. நமக்கே நமக்கு என்று தனி வயர் இழுத்துக்கொள்வது இன்னொன்று. அதில் வேறு யாரும் ஏற மாட்டார்கள். நிற்காது, திணறாது. ஆனால் அந்த ஒரு வயர் அறுந்தால் அத்தோடு சரி.

சாதாரணமாக இருந்தால் ஹெலன் இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் இதில் ஹாரன் ஒன்று நடுவில் இருந்தது.

உலையின் உட்சுவரில் தடிமனாக ஒரு பூச்சு இருக்கும். லைனிங் என்பார்கள். இரும்பு கொதிக்கக் கொதிக்க அது தேயும். தேய்ந்து ஓட்டை விழுந்தால், கொதிக்கிற இரும்பு பின்னால் ஓடும் தண்ணீர்க் குழாயைத் தொடும். தொட்டால் என்ன ஆகும் என்பதை மேடையில் நிற்கிற யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கு முன்னாலேயே எச்சரிக்க ஒரு மீட்டர் உண்டு. பூச்சு மெலிந்தால் மின்சாரம் கொஞ்சம் மண்ணுக்குக் கசியும், முள் ஏறும், ஹாரன் அடிக்கும், ஆட்கள் இறங்கிவிடலாம்.

ஆனால் கும்மிடிப்பூண்டிக்குக் கடல் பக்கம். ஈரக்காற்று அடித்தாலும் அந்த முள் ஏறும். மழைக்காலம் முழுக்க ஹாரன் பொய்யாகக் கத்திக் கத்தி, கடைசியில் ஆட்கள் அதன் வாயில் கோணிச் சாக்கை அடைத்துவிட்டார்கள். ஹெலன் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் பார்த்தது அந்தச் சாக்கைத்தான். அதற்குக் கீழே பீட்டர் நின்றுகொண்டிருந்தான். அப்போது அவன் அவளுக்குப் புருஷன் இல்லை, யாரோ ஒரு கறுத்த சிரித்த முகம். ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். முள் ஏறுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, இது ஈரம், இது தேய்மானம் என்று அது பிரித்துச் சொல்லும். ஈரத்தின் ஏற்றத்தில் மிக மெல்லிய நடுக்கம் இருக்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம். அதன் பிறகு ஹாரன் பொய் சொல்லவில்லை. சாக்கை அவர்களே எடுத்துப் போட்டார்கள்.

அந்த ப்ரோகிராமும் இப்போது க்ளவுடுக்குப் போகிறது. மீட்டர் சொல்வது பாதையில் ஏறிப் போய், அங்கே கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால்தான் ஹாரன் அடிக்கும். இமை மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் பாதை போனால் ஹாரன் ஊமை. மேடையில் இப்போது நிற்பது அவள் புருஷன்.

வயர் கம்பெனியிலிருந்து அன்புசெல்வன் என்று ஒருவர் வந்தார். நல்ல பேச்சு, நல்ல சட்டை. மேஜை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். சென்னைப் பக்கமிருந்து ஹைவேயை ஒட்டி மண்ணுக்கு அடியில் வரும் தனி வயர், சிவப்புக் கோடு. அது போனால் கைகொடுக்க வேறொரு கம்பெனியின் வயர், வடக்கே எளாவூர்ப் பக்கமிருந்து வருவது, நீலக் கோடு.

"ஒண்ணு தெற்கால, ஒண்ணு வடக்கால. ரெண்டும் ஒரே நேரத்துல போகவே போகாது மேடம்" என்றார்.

ஹெலன் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்புக் கோட்டின் மேல் உலையின் சூடு ஓர் எண்ணாக மாறி நடந்து போயிற்று. கவரைப்பேட்டை தாண்டி, லாரிகளின் சக்கரத்துக்கு அடியில், வேர்களுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெளிச்சமாக. நீலக் கோட்டில் இன்னொரு வெளிச்சம் எளாவூர்ச் சோதனைச்சாவடியில் யாரும் நிறுத்தாமல் போயிற்று. இரண்டும் எங்கோ மேலே சந்தித்துக்கொண்டு, "பீட்டர் நல்லா கீறானா?" "நல்லா கீறான்" என்று பேசிக்கொண்டு திரும்பின.

"மேடம்?" என்றார் அன்புசெல்வன்.

"ரெண்டும் போட்டுடுங்க" என்றாள் ஹெலன். சந்திரமோகன் தலையாட்டினார். பூனாவும் சரி என்றது. ஆடி பிறப்பதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. பழைய கம்ப்யூட்டர்களைத் துணி சுற்றி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். குளிர் அறையில் ஒரு மேஜையும் ஒரு திரையும் ஹெலனும் மட்டும் மிச்சம். திரையில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தன. ஹெலன் ஸ்வெட்டரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தான் தேர்ந்தெடுத்த பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"வயரப் பாக்கறதுக்கா? எவனாவது பொண்டாட்டிய கூட்டிக்கினு வயரு பாக்கப் போவானா?" என்றான் பீட்டர். ஆனாலும் வண்டியை எடுத்தான். அவள் கேட்டு அவன் எடுக்காத நாள் இல்லை.

வெயில் தணிந்த நேரம். வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் அதற்குள் படுத்துக்கிடந்தது. ஹெலன் பின்னால் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு அந்த நீலக் கோட்டு வயர் தாழ்ந்து, எழும்பி, மறுபடி தாழ்ந்து, ஓர் ஓரத்தில் கரிச்சான் குருவி ஒன்றைத் தாலாட்டியபடி போயிற்று. வண்டி நகர்கிறதா, வயர் நகர்கிறதா என்று அவளுக்குக் குழம்பியது. இந்தக் கறுப்புத் தோலுக்குள் முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷன் நிற்கும் மேடையின் சூடு. அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்படியே போய்க்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு சின்ன ஊர் வரும். அங்கே அம்மன் கோயிலடியில் சாலை வளையும். அந்த வளைவில் ஹெலன், "நிறுத்து" என்று பீட்டரின் தோளைப் பிடித்தாள்.

தெற்கிலிருந்து மண்ணுக்கு அடியிலேயே வந்த சிவப்புக் கோடு, சாலையோரக் கால்வாயைத் தாண்ட முடியாமல் அங்கே மேலே ஏறியிருந்தது. வடக்கிலிருந்து வந்த நீலக் கோடும் அதே கம்பத்துக்கு வந்திருந்தது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு சாலையைக் குறுக்கே தாண்டின. அந்தப் பக்கக் கம்பமும் ஒன்றேதான்.

ஹெலனுக்கு இருந்த மயக்கம் எல்லாம் ஒரே நொடியில் தெளிந்துவிட்டது.

கோயில் வாசலில் தேருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவர் துளசிராமன். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர், ஊரில் திருவிழா நடத்துகிறவர்.

"இன்னா தங்கச்சி, மேலேயே பாத்துக்கினு கீற?"

"துளசிண்ணா, தேரு வரும்போது இந்த வயரெல்லாம் இன்னா பண்ணுவீங்க?"

"எறக்கிடுவோம்."

"கொம்பால தூக்கிப் பிடிச்சா போவாதா?"

துளசிராமன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அம்மன் தலைக்கு மேல ஒண்ணும் போவக் கூடாதும்மா. கரண்டு வயரு, டிவி வயரு, தோரணம், எல்லாமே எறக்கித்தான் ஆவணும். அவ வரும்போது வானந்தான் மேல இருக்கணும்."

ஹெலனுக்கு இது தெரியாததில்லை. அவர்கள் தெருவில் மாதா தேர் வரும்போதும் இதேதான். போன வருஷம் அந்த வயர்களை இறக்க ஏணி பிடித்ததே பீட்டர்தான். இப்போது அவன் தேரின் குதிரைப் பொம்மையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் மாதிரி நின்றான்.

"இது நம்ம கம்பெனி வயருண்ணா. உயிர் போற விஷயம்."

"அட, அப்படியா? அப்போ கவலய வுடு" என்றார் துளசிராமன், நிஜமான அக்கறையோடு. "நமக்கு சோறு போடற வயரு. வெட்டவே மாட்டோம். குறுக்கால சின்னதா பள்ளம் தோண்டி, வயர அதுல படுக்க வெச்சி மணல் மூடிடுவோம். தேரு மேல போய்டும். உன் வயரு பாட்டுக்கு அடியில வேல செஞ்சிக்கினே இருக்கும். சாமி போனதும் தூக்கிக் கட்டிடுவோம். போதுமா?"

போதும் போலத்தான் இருந்தது. மறுநாள் ஹெலன் சந்திரமோகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அன்புசெல்வனைப் போனில் பிடித்து நன்றாகக் கேட்டார். வளைவில் வேறு கம்பம் நட அனுமதி வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் அன்புசெல்வன். சிம் கார்டு போட்டு வைக்கலாமா என்றால், பக்கத்து டவருக்குப் போவதும் அதே கம்பத்து வயர்தான். சந்திரமோகன் போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"சார், அந்த ஹாரன் ப்ரோகிராம மட்டும் இங்கியே வெச்சுக்கலாமே" என்றாள் ஹெலன்.

"ஒரு பெட்டிகூட இங்க இருக்கக் கூடாதுன்னு பூனாவுல ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஒண்ணு வெச்சா இன்னொண்ணு கேப்பீங்கன்னு சொல்றாங்க. தேர் வெள்ளிக்கிழமை விளக்கு வெக்கற நேரத்துக்குத்தானே கிளம்புது? அன்னிக்கு மத்தியானத்தோட உலையக் காலி பண்ணிடலாம். அப்புறம் என்ன பயம்?"

நல்ல மனிதர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த ஒரு நாளைக்கு அது சரி. கல்யாண பேனர் கட்டுகிறவன், கரும்பு லாரி, சாவு ஊர்வலம் என்று மற்ற நாட்களைப் பற்றிக் கேட்க ஹெலனுக்கு வாய் வரை வந்தது. ஆனால் திரையில் இரண்டு கோடும் அழகாக எரிந்துகொண்டிருந்தன. தான் தேர்ந்தெடுத்த கோடுகள். கேட்காமல் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசி இரும்பு உலையில் உருகிக்கொண்டிருந்தது. அதை ஊற்றிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஹெலன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சன்னலில் ஈரக்காற்று மோதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் பம்பைச் சத்தம். கனவில் கேட்கிறதா நிஜமாகவா என்று தெரியாத தூரம். மேகம் ஒன்று தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்தது. அதற்குக் கயிறு கட்டி யார் இழுக்கிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சிவப்புக் கோடு அணைந்தது. கூடவே நீலக் கோடும்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. மழை வரும், தேர் நனையும் என்று முன்னாலேயே கிளப்பிவிட்டார்கள். அம்மன் வளைவுக்கு வந்துவிட்டாள்.

அங்கே நடந்தது இதுதான். துளசிராமன் சொன்ன சொல் தவறவில்லை. பள்ளம் தோண்டி, வயரைப் படுக்க வைத்து, மணல் மூடினார்கள். இரண்டு பக்கமும் தளர்ந்து கிடந்த மிச்ச வயரைத்தான் என்ன செய்வது என்று பார்த்தார்கள். வெறுங்காலோடு வருகிற ஜனம். சோறு போடுகிற வயரை மிதிக்கலாமா? துணி காயப்போடும் கயிற்றைச் சுருட்டுவது போல அழகாக இறுக்கி மடித்து, மஞ்சள் கயிற்றால் கட்டி, குங்குமமும் வைத்துக் கம்பத்தடியில் வைத்தார்கள். கண்ணாடி இழை அந்த மடிப்பைத் தாங்குமா? உள்ளே அது முறிந்தது. வெட்டுகிறவன்கூட அத்தனை மரியாதையாக வெட்டியிருக்க மாட்டான்.

ஹெலன் ஓடினாள். உலைக்கூடத்தில் எல்லாம் வழக்கம் போல இருந்தது, அதுதான் பயங்கரம். பீட்டர் மேடையில் நின்று கசடு வாரிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தலைக்கு மேலே ஹாரன் தொங்கியது. அது ஊமையானது அவர்கள் யாருக்கும் தெரியாது.

அவள் மீட்டருக்கு முன்னால் போய் நின்றாள். முள் ஏறியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஈரமா? வெளியே மழை தொடங்கியிருந்தது, ஈரமாகத்தான் இருக்க வேண்டும். தேய்மானமா? லைனிங் மாற்றியும் நாளாகிவிட்டது. பிரித்துச் சொல்கிற நடுக்கம் அந்த முள்ளில் இருக்கிறதா என்று அவள் கண் வலிக்கப் பார்த்தாள். தெரியவில்லை. எழுதியவளே அவள்தான், ஆனால் எழுதியது எங்கோ தூரத்தில், ஒரு பதிலோடு காத்துக்கொண்டிருந்தது. இவளால் கேட்க முடியாது. அதற்கும் சொல்ல வழி இல்லை. உலையின் வெளிச்சம் சுவரெல்லாம் அலை அலையாக ஆடியது. பீட்டரின் நிழல் கூரை வரை வளர்ந்து, குறுகி, மறுபடி வளர்ந்தது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது. முள் இன்னொரு கோடு ஏறியது.

"எறங்குங்க!" என்று கத்தினாள் ஹெலன். "எல்லாரும் எறங்குங்க!"

இறங்கினார்கள். பீட்டர் கையிலிருந்த கம்பியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். உலையைச் சாய்க்கும் விசை தள்ளி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அவன் அதைப் பிடித்து இழுத்தான். உலை மெல்லத் தலை குனிந்தது. உருகிய இரும்பு முழுதும் அவசரக் குழிக்குள், பொன் நிறத்தில் ஒரு நீளத் துணி விரிவது போல இறங்கியது. வெளியே பம்பை உச்சத்தில் அடித்தது. மழையில் யாரோ குலவையிட்டார்கள்.

மறுநாள் உலை ஆறியதும் உள்ளே விளக்கு இறக்கிப் பார்த்தார்கள். லைனிங் முழுசாக இருந்தது. பீட்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். கல் மாதிரி சத்தம் வந்தது. ஏறியது வெறும் ஈரம்தான். ஓர் உலை நிறைய நல்ல இரும்பைக் குழிக்குள் கொட்டியாயிற்று.

துளசிராமன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "வெட்டவே இல்ல தங்கச்சி. சத்தியமா. எப்படி இருந்திச்சோ அப்படியே தூக்கிக் கட்டிட்டேன். ஏன் வேல செய்யலன்னு ஒண்ணும் புரியல. ஒரே பேஜாரா கீது." அவர் கண் கலங்கியிருந்தது. மடித்ததால் முறிந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஹெலனுக்குத் தெரியவில்லை. "பரவால்லண்ணா, வேற வயரு போட்டுடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாஷ்டா சாப்பிடுகிற நேரத்தில் பீட்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"தப்பா சொல்லிட்டேன்ல?"

"சொன்னா சொல்லிட்டுப் போ. இரும்பு மறுபடி உருகும்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு கவனிச்சியா? நீ கத்துனதும் ஒருத்தன்கூட ஏன்னு கேக்கல. ஹாரன் அடிச்சாக்கூட ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கினுதான் எறங்குவானுங்க. நேத்து உன் குரலு கேட்டதும் குதிச்சிட்டானுங்க" என்றான். சொல்லும்போது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெலன் முகத்திலிருந்து கையை எடுத்தாள். தன் குரலை நம்பி இத்தனை பேர் அந்த மேடையில் நிற்கிறார்கள். அவளோ பாதி நேரம் வேறெங்கோ இருக்கிறவள். நேற்று அந்த மேகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்? ஒரு நாள் ஜுரம் என்று வீட்டில் படுத்துவிட்டால்? அவள் அழுதாள். பீட்டர் ஏன் என்று தெரியாமலே அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

அழுகை நின்றதும் எழுந்து நேரே சந்திரமோகன் அறைக்குப் போனாள். அவர் பூனாவோடு பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஹாரனுக்கு மட்டும் மூணாவதா ஒரு பாதை போட்டுடலாமான்னு கேக்கறாங்க. சாட்டிலைட்டு, இல்ல வேற ஏதாவது. நீ எது சொல்றியோ அது" என்றார்.

"எந்தப் பாதையும் வேணாம் சார்" என்றாள் ஹெலன். "கணக்கு போவட்டும், சரக்கு விவரம் போவட்டும், எல்லாம் போவட்டும். ரெண்டு வயரும் அதுக்கு நல்லா போதும். இது மட்டும் எங்கியும் போவக் கூடாது. மீட்டருக்கும் ஹாரனுக்கும் நடுவுல என் ப்ரோகிராம் இருக்கற ஒரு சின்னப் பெட்டி. உலைக்கூடத்துச் சுவத்துலியே மாட்டிடறேன். ஏசிகூட வேணாம். நான் எத்தினி பாதை தேர்ந்தெடுத்தாலும் அது அறுந்துபோற பாதைதான் சார்."

"ஒத்துக்க மாட்டாங்க ஹெலன்."

"அப்போ நான் பூனாகிட்ட பேசறேன். போனக் குடுங்க."

அவர் அவளையே பார்த்தார். இப்படி ஒரு குரலை அவளிடம் அவர் கேட்டதில்லை. போனை அவளிடம் கொடுக்கவில்லை, அவரே பேசினார். நெடுநேரம் பேசினார். பேசி முடித்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பெட்டி வந்தது. கை அகலம்தான். ஹெலன் அதைச் சுவரில் மாட்டி, பழைய ப்ரோகிராமை ஏற்றினாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். இரண்டு பாதைகளின் வயரையும் பிடுங்கிவிட்டாள். தேய்மானத்தில் ஏறுவது போல, கொஞ்ச நேரத்தில் மீட்டரின் முள் நிதானமாக, நடுக்கமே இல்லாமல் ஏறுவதாகப் பெட்டிக்குப் பொய்யாகச் சொல்லிவைத்துவிட்டு, மேடையிலிருந்து யாருக்கும் தெரியாதபடி கூடத்துக்கு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஹாரன் அடித்தது.

ஒரு கணம் படியில் ஒரு காலடியும் விழவில்லை. "ஹெலன் எங்க?" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. பீட்டரின் குரல். அவளுக்குப் போய் நிற்கலாமா என்று கால் துடித்தது. அவள் போகவில்லை.

"அவ எங்கியோ போறா, வுடு. நீ எறங்குடா மொதல்ல" என்றார் துளசிராமன். அப்புறம் இரும்புப் படிகளில் பூட்ஸ் கால்கள் தடதடவென்று இறங்கின, ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாருடையதும். கடைசிக் காலடி தரையைத் தொடும் வரைக்கும் ஹெலன் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.